நான் குனிந்து பார்க்காத மேஜை

பிரபு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்ன ஒரே ஒரு விஷயத்தை வைத்துக்கொண்டு மூன்று நாளாக வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருக்கிறேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். எதற்காக வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வந்தால் பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கிறது. உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “என்னாச்சு உனக்கு, கால்ல சக்கரமா கட்டியிருக்கு?” என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். முப்பது வருஷமாக அவருக்கு நான் சொல்லும் பதில் அதுதான், அவரும் முப்பது வருஷமாக அதை நம்புவதுபோல நடிக்கிறார். நீ சொன்னது உனக்கு ஞாபகம் இருக்காது. “நீதானேம்மா சொல்லிக்குடுத்தே? ஒவ்வொரு தடவை விழும்போதும் டைம் எழுதி வை, அப்ப யாரு இருந்தாங்கன்னு பாரு, ஆளு தானா மாட்டும்னு. மாட்டிட்டாரும்மா.” சொல்லிவிட்டுச் சிரித்தாய். ரிசீவரை வைத்துவிட்டுப் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

மாட்டியவர் நாகராஜ். உன்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர், காண்டிராக்டில் வேலை செய்பவர், மதியம் இரண்டு மணி ஷிப்ட்டில் உனக்குப் பிறகு வந்து உட்காருகிறவர். உங்கள் வைட்ஃபீல்ட் ஆபீசில் நெட்வொர்க் கொஞ்ச நாளாக அவ்வப்போது அறுந்து விழுகிறது, விழுந்ததெல்லாம் அவர் ஷிப்ட்டில், நீ குறித்து வைத்திருக்கிறாய். வெள்ளிக்கிழமைக்குள் காரணத்தை எழுதிக் கொடு என்று உன் மேனேஜர் கேட்டிருக்கிறார். நீ எழுதப்போவது காரணத்தை அல்ல, ஒரு பெயரை. அந்தப் பெயர் அந்தக் காகிதத்தில் ஏறினால் அடுத்த மாதம் அவருக்குக் காண்டிராக்ட் கிடையாது என்று நீயேதான் சொன்னாய். இன்று புதன்கிழமை. போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று நடுவிலேயே வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன். நாளைக் காலை அப்பா இதை உன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார். அவர் இதைப் படிக்கவில்லை. படிக்க வேண்டுமானால் நீ படித்த பிறகு படிக்கட்டும்.

பிரேசர் டவுனில் பழைய பங்களா ஒன்றில் இருந்த அந்த ஏற்றுமதி ஆபீசை உனக்குத் தெரியும். ரெடிமேட் துணி அனுப்புகிற கம்பெனி. பள்ளிக்கூடம் லீவு விட்டால் சில நாள் நீ அங்கே வந்து மூலையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாய். நான் டைப்பிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு டைப்பிஸ்ட்டாகத்தான் அங்கே சேர்ந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் பதினான்கு கம்ப்யூட்டர் வந்து இறங்கின. விற்ற கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து இரண்டு நாள் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஏதோ நின்றுபோனபோது நோட்டு என்னிடம்தான் இருந்தது. அவ்வளவுதான், சிஸ்டம் மேடம் ஆகிவிட்டேன். பட்டமும் கிடையாது, டிப்ளமோவும் கிடையாது, எல்லாம் மேஜைக்கு அடியில் தவழ்ந்து கற்றுக்கொண்டதுதான். காட்டன் புடவை கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில் தவழ்வது எப்படி என்று எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

உன் காலத்தில் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனித்தனி வயர். எங்களுக்கு அப்படி இல்லை. ஒரே ஒரு கருப்புக் கேபிள், முதல் மேஜையிலிருந்து பதினான்காவது மேஜை வரைக்கும் ஒவ்வொன்றையும் தொட்டுக்கொண்டு போகும். அதன் இரண்டு முனையிலும் விரல் நுனி அளவுக்கு ஒரு உலோக மூடி இருக்கும், டெர்மினேட்டர் என்போம். அழுத்தித் திருகினால் டக்கென்று பூட்டிக்கொள்ளும். அந்த மூடி சரியாக உட்காரவில்லை என்றால் அந்த ஒரு கம்ப்யூட்டர் மட்டும் அல்ல, பதினான்கும் சேர்ந்து படுத்துவிடும். எங்கே கோளாறு என்று எந்த மெஷினும் சொல்லாது. அந்த இன்ஜினியர் சொல்லிக்கொடுத்த வழி, கேபிளை நடுவில் பிரி, கையில் இருக்கும் வேறு ஒரு மூடியை அங்கே மாட்டு, எந்தப் பாதி உயிரோடு இருக்கிறது என்று பார், செத்த பாதியை மறுபடி இரண்டாக்கு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்று ஜன்மத்துக்கும் தெரியாது என்றும் சொன்னார். அதைச் சிவப்பு மையில் எழுதிக் கீழே கோடு போட்டு வைத்தேன். கோடு போட்டதோடு சரி.

அந்த வருஷம் ஆயுத பூஜையை ஆபீசில் தடபுடலாகச் செய்தோம். வாசலில் வாழைக்கன்று, லாரிக்கு மாலை, தையல் மெஷினுக்கெல்லாம் பொட்டு. சிஸ்டம் என் பொறுப்பு என்பதால் ஒவ்வொரு மானிட்டரையும் நானே துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தேன். சர்வர் என் மேஜையில்தான் இருந்தது, அதுதான் பதினான்காவது, கேபிள் அங்கேதான் முடியும். இந்தச் சின்ன மூடிதானே இத்தனையையும் காப்பாற்றுகிறது என்று எனக்கு ஒரு பக்தி வந்துவிட்டது. அதைக் கழற்றித் துடைத்து, சந்தனத்தைக் குழைத்து அதற்கும் ஒரு பொட்டு வைத்து, திரும்ப மாட்டினேன். முதல் மேஜையின் மூடியையோ மற்ற இணைப்புகளையோ தொடக்கூடவில்லை, மானிட்டருக்குப் பொட்டு வைத்ததோடு விட்டுவிட்டேன். இதை இத்தனை விவரமாக ஏன் சொல்கிறேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

பூஜை முடிந்த வாரத்திலிருந்து காலையில் நெட்வொர்க் விழ ஆரம்பித்தது. ஒன்பதரைக்கு விழும், நடுவில் வந்து வந்து போகும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாயங்காலம் வரை சமர்த்தாக ஓடும். சில நாள் விழவே விழாது. மேனேஜர் கன்னடக்காரர், என்னோடு பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாகப் பேசுவார். கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, “ஏனம்மா, மத்தே ஹோய்தா?” என்பார். மறுபடியும் போயிற்றா என்று கேட்கிறார். முதலில் சிரித்துக்கொண்டு கேட்டவர், மூன்றாவது வாரம் சிரிக்காமல் கேட்டார். “படிச்ச பையன் ஒருத்தனைப் போட்டுக்கலாமான்னு எம்.டி. கேக்கறாரு. நான்தான் இருங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்” என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்று முதல் பதின்மூன்று வரைக்கும் ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் புகுந்து பார்த்தேன், ஒவ்வொரு இணைப்பையும் திருகிப் பார்த்தேன். என் மேஜைக்கு அடியில் மட்டும் பார்க்கவில்லை. அது நானே என் கையால் துடைத்து, பொட்டு வைத்து மாட்டியது. அங்கே என்ன இருக்கப்போகிறது?

செல்வியைப் பற்றி உனக்கு நான் சொன்னதெல்லாம் “துடைக்கிறவள்” என்ற ஒரு சொல்தான். அவள் நீலசந்திராவிலிருந்து பஸ் பிடித்து வருவாள். முப்பது வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. ஒன்பது மணிக்குத் துடைப்பத்தோடு ஆரம்பித்தால் பத்தடிக்க மொத்த ஆபீசும் பளபளவென்று இருக்கும். மற்ற ஸ்டாஃப் எல்லாம் பத்து மணிக்குத்தான் வருவார்கள், சர்வரையும் மற்ற மெஷின்களையும் போட வேண்டும் என்பதால் நான் ஒன்பதேகாலுக்கே வந்துவிடுவேன். அந்த முக்கால் மணி நேரம் அந்தப் பங்களாவில் நானும் அவளும்தான் இருப்போம். “அக்கா, கால கொஞ்சம் தூக்கிக்கோங்க” என்று என் நாற்காலிக்கு அடியில் துடைப்பாள். உனக்கு வைத்திருக்கும் பெயர் நன்றாக இருக்கிறது, அடுத்தது ஆண் பிறந்தால் தானும் அதே பெயரைத்தான் வைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் நோட்டில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். ஒன்பது இருபத்தைந்து, ஒன்பது முப்பது, ஒன்பது முப்பத்தைந்து. பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு, அப்போது செல்வி எந்த இடத்தில் துடைத்துக்கொண்டிருந்தாள் என்று எழுதினேன். இரண்டு வாரம் எழுதியதும் எனக்கே புல்லரித்துப்போயிற்று, அவ்வளவு அழகாகப் பொருந்தியது. அவள் லீவு போட்ட ஒரு நாள் நெட்வொர்க் விழவில்லை. அன்றைக்குக் கார்த்திகை, நான் விரதம் இருந்தேன், சாப்பாடு கொண்டுபோகவில்லை. அதை எழுத எனக்கு ஒரு கட்டம் இல்லை. நோட்டை மேனேஜர் மேஜையில் விரித்து வைத்தேன். எம்.டி.யும் வந்து பார்த்தார், “வெரி சயின்டிஃபிக்” என்றார். அந்த அறையில் அதுவரை என்னை உட்காரச் சொன்னவர்கள் கிடையாது. அன்றைக்குச் சொன்னார்கள். எனக்கு இருந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

சனிக்கிழமை செல்வியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். அவள் என்னிடம்தான் வந்தாள். “அக்கா, நானு எந்த வயரையும் தொடலக்கா. ஈரத்துணி படக்கூடாதுன்னு நீங்க சொன்னதுலருந்து கையாலதாங்கா பிழியறேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா” என்றாள். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே, “வேணும்னு பண்ணேன்னு யாரும் சொல்லல செல்வி, தெரியாமப் பட்டிருக்கும்” என்றேன். பிறகு பக்கெட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை உனக்கு அம்மை போட்டது. ஒரு வாரம் லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். உன் பாயைச் சுற்றி வேப்பிலை, நீ சொறிந்துகொள்ளாமல் இருக்க நாள் முழுக்க ஏதாவது கதை சொல்ல வேண்டும். வியாழக்கிழமை மேனேஜர் போன் செய்தார். “அந்த அம்மா போனதுலருந்து ஒரு தடவை கூட விழலை, நீங்க கரெக்டா சொன்னீங்க” என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் உனக்கு அந்தக் கதையைச் சொன்னேன். அம்மா எப்படி நேரம் குறித்தாள், எப்படி ஆளைப் பிடித்தாள் என்று துப்பறியும் கதை மாதிரி. நீ மறுபடி மறுபடி கேட்டாய். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாய். காலேஜில் சொன்னாய். வேலைக்கு இன்டர்வியூவில், ஏன் இந்தத் துறைக்கு வந்தாய் என்று கேட்டபோதும் அதைத்தான் சொன்னேன் என்று வீட்டுக்கு வந்து என்னைக் கட்டிப் பிடித்தாய். அந்த வாரம் ஆபீசில் மாறியது ஒன்று இல்லை பிரபு, இரண்டு. செல்வியும் இல்லை, நானும் இல்லை. சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தவளுக்கு அது உறைக்கவில்லை.

லீவு முடிந்து போன முதல் நாள், ஒன்பதேகாலுக்கு எல்லா மெஷினையும் போட்டுவிட்டு நாற்காலியை இழுத்து, எப்போதும் போல என் சாப்பாட்டுப் பையை மேஜைக்குக் கீழே இருந்த கொக்கியில் மாட்டினேன். திரையைப் பார்த்தால் சர்வர் தனியாக நிற்கிறது, ஒரு மெஷினும் தெரியவில்லை. செல்வி போய் ஒன்பது நாள் ஆகிறது. பூஜைக்குப் பிறகு முதல்முறையாக என் மேஜைக்கு அடியில் குனிந்தேன். அடுக்குக் கேரியரும் தண்ணீர் பாட்டிலும் இருந்த பை கேபிளின் மேல் சாய்ந்து அதைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. பையை எடுத்தேன், நெட்வொர்க் வந்தது. மாட்டினேன், போயிற்று. எடுத்தேன், வந்தது. சாப்பிட்டு முடித்துக் காலிக் கேரியரோடு மாட்டினால் பாரம் போதாது, அதனால்தான் மதியத்துக்கு மேல் ஒன்றும் ஆகவில்லை. மூடியைக் கழற்றப் பார்த்தால் அது திருகவே வேண்டியிருக்கவில்லை, தொட்டதும் கையோடு வந்தது. பூட்டிக்கொள்ள வேண்டிய பள்ளத்துக்குள் சந்தனம் இறங்கிக் காய்ந்து கல்லாக இருந்தது. மேலே என் குங்குமப் பொட்டு அப்படியே இருந்தது. புடவையிலிருந்து ஊக்கை எடுத்து அந்தச் சந்தனத்தைச் சுரண்டினேன். திருகினேன், டக்கென்று பூட்டியது. அதற்குப் பிறகு அந்தக் கேபிளை மாற்றும் வரைக்கும் ஒரு நாள்கூட விழவில்லை.

மேனேஜர் தலையை நீட்டினார். “லூஸ் கனெக்ஷன் சார், சரி பண்ணிட்டேன்” என்றேன். “அவ இழுத்து இழுத்து லூஸ் ஆகியிருக்கும்” என்றார் அவர். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் செல்வி அன்றைக்கே திரும்பி வந்திருப்பாள். ஆனால் என் நாற்காலியில் படித்த பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான், அப்படித்தான் பயந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன், நீ எழுந்து உட்கார்ந்து, “அம்மா, இன்னைக்கும் விழலையா?” என்று கேட்டாய். “விழலைடா” என்றேன். இதுதான் நான் உனக்குச் சொல்லிக்கொடுத்தது. இதைத்தான் நீ வைட்ஃபீல்டில் வைத்துக்கொண்டு நாகராஜைப் பிடித்திருக்கிறாய்.

நாகராஜ் மேல் தப்பே இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கு எப்படித் தெரியும்? உன் நெட்வொர்க்கில் பாதிக்கு மேல் எனக்கு இப்போது பெயர்கூடத் தெரியாது. ஆனால் உன் குறிப்பில் எந்தக் கட்டம் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் உட்காருவதற்கு முன்னால் அந்த நாற்காலியில் இருப்பவன் நீ. கிளம்பும்போது கடைசியாக என்ன செய்கிறாய்? எதை மாற்றுகிறாய், எதை மூடுகிறாய், அவர் வருகிற நேரம் வேறு எதெல்லாம் தானாக ஓட ஆரம்பிக்கிறது? உன் கை பட்டது என்பதாலேயே நீ பார்க்காமல் விட்ட இடம் எது? ஒரு வாரம் அவரைக் காலையில் வரச் சொல்லி, நீ மதியத்துக்கு மாறிக்கொள். வேறு எதையும் மாற்றாதே, லீவும் போடாதே. உன் ஷிப்ட்டில் விழுந்தால் உனக்கு அவமானம்தான், பட்டுக்கொள், செத்துவிட மாட்டாய். மேனேஜரிடம் வெள்ளிக்கிழமைக்குள் முடியாது, இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்று சொல். அவர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும். நாகராஜிடமும் நேராகப் பேசு, அவருக்குத் தெரியாமல் அவரைப் பற்றி எழுதாதே. அவர் தப்புதான் என்று கடைசியில் தெரிந்தாலும் அதை அவர் முன்னால் உட்கார்ந்து எழுது.

இதோடு முடித்திருப்பேன். மூன்று நாளாக என்னை நிற்கவிடாமல் ஓட்டிக்கொண்டிருப்பது இதற்கு மேல் ஒன்று. உனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த அன்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. ஒரு டப்பா மைசூர்பாக் வாங்கிக்கொண்டு, உங்கள் யாரிடமும் சொல்லாமல் நீலசந்திராவுக்குப் போனேன். சந்து சந்தாக விசாரித்துக் கண்டுபிடித்தேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், பஸ்ஸில் அதை நாலு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். செல்வி என்னைப் பார்த்ததும், “ஐயோ, மேடம் அக்கா வந்திருக்காங்க” என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் கேட்கிற மாதிரி கத்தினாள். இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள், காபி போட்டாள். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் தேய்க்கிறாளாம். நடுவில் ஓர் ஆபீசில் கூப்பிட்டார்களாம், கம்ப்யூட்டர் இருக்கிறது என்று தெரிந்ததும் இவள் போகவில்லையாம். மகள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் கிளாசுக்குப் போனாளாம், இவள் போய் டீச்சரிடம் சொல்லி அதை நிறுத்திவிட்டாளாம். “நம்ம கை ராசி அப்படிக்கா. எதுக்கு வம்பு, அதுவும் எதையாச்சும் தொட்டு ஒடச்சிட்டா?” என்றாள். அவள் குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு நான் தொடலன்னு சொன்னேங்கா. அப்பறம் யோசிச்சா, தொட்டுதாங்கா இருப்பேன். இல்லன்னா நீங்க அப்படி எழுதியிருக்க மாட்டீங்க. உங்களுக்கு எவ்ளோ கஷ்டம் குடுத்துட்டேன், மன்னிச்சுக்கோங்கக்கா” என்றாள்.

“பரவாயில்ல செல்வி, விடு” என்றேன்.

அப்படித்தான் சொன்னேன் பிரபு. மன்னித்துவிட்டு, ஸ்வீட் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு, காபி நன்றாக இருந்தது என்றும் சொல்லிவிட்டு வந்தேன்.

நாளைக்கு அப்பா உன் பக்கம் பஸ் ஏறும்போது நான் நீலசந்திராவுக்கு ஏறுகிறேன். அவள் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாளா தெரியாது, இல்லையென்றால் எங்கே என்று கேட்டுக்கொண்டு போவேன். அவள் மகளுக்கும் இப்போது இருபது வயதுக்கு மேல் ஆகியிருக்கும், அவளும் பக்கத்தில் இருக்கும்போதுதான் சொல்ல வேண்டும். போன தடவை ஸ்டூலில் உட்கார்ந்ததும்தான் என் வாய் அடைத்துப்போயிற்று. நாளைக்கு அவள் உள்ளே கூப்பிடுவதற்கு முன்னால், வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன்.

அம்மா